வாழ்வின் பயன்: வடசென்னை தந்த மூன்று விடைகள்

மனிதப் பிறவிக்கு ஒரு நோக்கம் உண்டா என்ற வினா பழமையானது. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கையும் அடைவதே பிறவிப்பயன் என்பது தமிழ் நூல்கள் கூறும் மரபான விடை. சென்னையின் வடபகுதியோடு தொடர்புடைய பட்டினத்தார், வள்ளலார், சிங்காரவேலர் ஆகிய மூவரும் இவ்வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைத் தந்தனர்.

பட்டினத்தார்: துறவு

காவிரிப்பூம்பட்டினத்தில் பெருவணிகராக வாழ்ந்த திருவெண்காடரே பட்டினத்தார் என்பது மரபு. கடல் வணிகம் முடித்துத் திரும்பிய வளர்ப்பு மகன் மருதவாணர், ஒரு பேழையை வைத்துவிட்டு மறைந்தார். அதனுள் காது உடைந்த ஊசியும் ஓர் ஓலையும் இருந்தன. ஒன்றுக்கும் உதவாத அந்த ஊசிகூடச் சாகும்போது உடன் வராது என்பதே ஓலையின் பொருள். திருவெண்காடர் செல்வத்தைத் துறந்தார். பிச்சையேற்று ஊர் ஊராகச் சென்று, திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதி அடைந்தார்.

பதினோராம் திருமுறையில் 'திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது' பாடிய பட்டினத்தாரும், நிலையாமையைப் பாடிய பிற்காலப் பட்டினத்தாரும் வேறு வேறானவர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எவ்வாறாயினும், பற்றறுத்துப் பிறவியிலிருந்து விடுபடுவதே வாழ்வின் பயன் என்பது அப்பெயரோடு வழங்கும் விடை.

வள்ளலார்: பசி தீர்த்தல்

இராமலிங்க வள்ளலார் (1823–1874) மருதூரில் பிறந்து, சென்னை ஏழுகிணறு பகுதியில் வளர்ந்தார். அங்கிருந்து திருவொற்றியூருக்கு அடிக்கடி சென்று வழிபட்டார். அங்குள்ள வடிவுடையம்மன் மீது 'வடிவுடை மாணிக்க மாலை' பாடினார்.

'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற உரைநடையில் அவர் இவ்வினாவை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறார். மனிதப் பிறப்பால் அடையத்தக்க ஆன்ம லாபம் ஒன்று உண்டு. அதைக் காலம் உள்ளபோதே அடைய வேண்டும். உயிர்களிடம் இரக்கம் காட்டுவதே அதற்கு வழி என்பது அவர் கருத்து. அவ்விரக்கத்தில் பசி தீர்த்தலுக்கு முதலிடம் தந்தார். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார்.

இறை நாட்டத்தில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். ஆயினும் பட்டினத்தார் உலகை விட்டு விலகினார். வள்ளலாரோ பசித்தவரை விட்டு விலகிப் பேரின்பம் இல்லை என்றார்.

சிங்காரவேலர்: சமூக மாற்றம்

மீனவர் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர் ம. சிங்காரவேலர் (1860–1946) பொருள்முதல்வாதி. உலகம் இறைவனால் ஒரு நோக்கத்தோடு படைக்கப்பட்டது என்பதை ஏற்காதவர். 'குடிஅரசு' இதழில் அறிவியலையும் பகுத்தறிவையும் எளிய தமிழில் விளக்கினார்.

அவர் காலத்தில் வடசென்னை, ஆலைகளும் துறைமுகமும் கொண்ட தொழிலாளர் பகுதியாகியிருந்தது. பெரம்பூர் பக்கிங்ஹாம் – கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை அவர் ஆதரித்தார். 1923 மே 1 அன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர்நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையிலும் மே தினக் கூட்டங்களை நடத்தினார். மேலிருந்து தரப்பட்ட நோக்கம் இல்லை என்பதால் வாழ்க்கை வெறுமையானது என்று அவர் கருதவில்லை. உழைப்பவரின் வறுமை விதியன்று, மாற்றத்தக்கது என்பதே அவர் நிலைப்பாடு. அதற்காக முதுமையிலும் சிறை சென்றார்.

மூன்று விடைகளின் உறவு

பொருள் சேர்ப்பது வாழ்வின் இலக்கு அன்று என்பதில் மூவரும் ஒன்றுபடுகின்றனர். அவர்களிடையே உள்ள வேறுபாட்டைப் பசி என்ற ஒன்றை வைத்தே அறியலாம். பட்டினத்தார் பிச்சையேற்றுத் தம் பசியை ஆற்றிக்கொண்டார். வள்ளலார் பிறர் பசியை ஆற்றினார். உழைப்பவன் ஏன் பசித்திருக்கிறான் என்று சிங்காரவேலர் கேட்டார்.

இன்றைய நிலை

திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக் கோயில் வழிபாட்டில் உள்ளது. வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சென்னைத் துறைமுகத்தை அடுத்த ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் 'சிங்காரவேலர் மாளிகை' என்ற பெயரைத் தாங்கியுள்ளது.