துவாரகையிலிருந்து வந்த பாட்டன்கள்

கொஞ்ச நாளாக ஆபீஸில் ஆணி அதிகம், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. இன்றைக்கு உட்கார்ந்து எழுதக் காரணம், ஊரிலிருந்து பெரியப்பா கூரியரில் அனுப்பிய ஒரு சார்ட்.

விரித்தால் எங்கள் மணிநகர் ஃப்ளாட்டின் ஹால் பாதி அடைந்துவிட்டது. உச்சியில் சூரியன் படம். அதற்குக் கீழே மனு, சிபி, கரிகாலன், விஜயாலயன், ராஜராஜன். அப்புறம் ஒரு முழ நீளத்துக்குப் புள்ளிக்கோடு. புள்ளிக்கோடு முடிகிற இடத்தில் எங்கள் எள்ளுத்தாத்தா! அவரிலிருந்து கிளை பிரிந்து கடைசி வரிசையில் நானும் என் மகளும். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: "தம்பி, பெயரெல்லாம் சரிபார்த்து அனுப்பவும். ஃப்ரேம் போட்டு குலதெய்வம் கோயிலில் மாட்டப் போகிறோம். உன் பங்கு ஐயாயிரம்."

நான் ராஜராஜன் பேரன் என்று தெரிந்ததும் வீட்டம்மா, "அப்படியே அந்த ராஜா கொஞ்சம் குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுட்டு வரட்டும்" என்றார். அதோடு இதைச் சிரித்து முடித்திருப்பேன். ஏழாம் கிளாஸ் படிக்கும் மகள்தான் தரையில் மண்டி போட்டுப் படித்துவிட்டு, "சூரத் பாட்டியைக் காணோமே அப்பா?" என்று கேட்டாள்.

சூரத் பாட்டி என்பது என் சின்ன அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. 1975-ல் வேறு சாதிக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, அவருக்கு மில்லில் வேலை கிடைத்ததால் சூரத்துக்கு வந்துவிட்டார். 2005-ல் நான் ஒரு பெட்டியோடு குஜராத்துக்கு வந்தபோது முதல் ஒரு மாசம் சோறு போட்டது அவர்தான். சார்ட்டில் மற்ற இரண்டு அத்தைகளும் பொடி எழுத்திலாவது இருக்கிறார்கள். இவர் மட்டும் இல்லை.

இந்த வம்ச விவகாரம் நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஆனந்த் பக்கத்திலிருக்கும் தன் கிராமத்துக்கு அழைத்துப் போனார். அன்று அவர்கள் வீட்டுக்கு பாரோட் வந்திருந்தார். பாரோட் என்றால் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களின் வம்சாவளியை எழுதிவைப்பவர். துணியில் சுற்றிய நீண்ட புத்தகத்துக்கு 'வஹி' என்று பெயர். சில வருஷத்துக்கு ஒருமுறை வருவார், பழசை வாசிப்பார், புதிதாகப் பிறந்த பிள்ளைகளை எழுதிக்கொள்வார், தட்சிணை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார். ஏ.எம். ஷா, ஆர்.ஜி. ஷ்ராஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இவர்களைப் பற்றி 1958-லேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

நண்பர் லேவா பட்டேல். ராமனின் மகன் லவன் வழி வந்தவர்கள் லேவா, குசன் வழி வந்தவர்கள் கட்வா என்பது அவர்கள் ஐதீகம். பாரோட் அங்கிருந்துதான் ஆரம்பித்தார். ராகம் போட்டு நாலு வரி. ஒரே தாவில் அந்தக் கிராமத்தில் முதலில் குடியேறியவர் பெயர். அதற்குப் பிறகு மளமளவென்று நூறு பெயர்கள், யார் எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்பது வரைக்கும். நான் அருகிலிருந்தவரிடம், "லவனுக்கும் குடியேறினவருக்கும் நடுவுல யாரு?" என்று கேட்டேன். அவர் முறைத்தார்.

அந்த நடு இடம்தான் விஷயம். எந்த வம்சாவளியை எடுத்தாலும் மேலே கடவுளும் காவியமும் கூட்டமாக இருக்கும், கீழே நமக்குத் தெரிந்த தாத்தாக்கள் கூட்டமாக இருப்பார்கள், இடுப்பு மட்டும் ஒடிந்துவிடுகிற மாதிரி ஒல்லியாக இருக்கும். பெரியப்பா அதைப் புள்ளிக்கோடாகவே போட்டுவிட்டார். ஒருவகையில் நேர்மையான மனிதர்!

சோழர்களே இதைத்தான் செய்தார்கள். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் மொத்தம் 31 ஏடுகள். பழையனூர் என்ற ஊரைக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லும் பத்திரம். அதன் சமஸ்கிருதப் பகுதி சூரியனில் தொடங்கி மனு, இக்ஷ்வாகு, சிபி என்று இறங்கி, கரிகாலன், கோச்செங்கணானைத் தொட்டு, 9-ஆம் நூற்றாண்டு விஜயாலயனுக்கு வந்து சேர்கிறது. கோச்செங்கணானுக்கும் விஜயாலயனுக்கும் நடுவே சில நூற்றாண்டுகள் சும்மா தாண்டப்படுகின்றன. தமிழ்ப் பகுதியோ நிலத்தின் நாலெல்லை, வாய்க்கால், வரி என்று கறாராகப் பேசுகிறது. ஒரே பத்திரம்தான். புராணத்துக்கு ஒரு மொழி, நிலத்துக்கு ஒரு மொழி.

அந்த வம்சம்கூட ஆண்வாரிசாக நேர்கோட்டில் போய்விடவில்லை. 1070-ல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன் வேங்கியின் கீழைச் சாளுக்கிய இளவரசன். அவன் அம்மா அம்மங்காதேவி, ராஜேந்திர சோழனின் மகள். அப்பா ராஜராஜ நரேந்திரனின் அம்மா குந்தவை, ராஜராஜனின் மகள். அப்பா வழியில் அவன் சந்திர வம்சம், அம்மா வழியில் சூரிய வம்சம். அவனுக்குப் பின் வந்த சோழர் எல்லாரும் இப்படி மகள் வழியில் வந்த பிள்ளைகளின் பிள்ளைகள்தான். பெரியப்பா சார்ட் விதிப்படி பார்த்தால் குலோத்துங்கனையே அடித்துவிட வேண்டியிருக்கும்.

நான் குஜராத்தில் உட்கார்ந்திருப்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. புறநானூறு 201. பாரி இறந்தபின் அவன் மகள்களை அழைத்துக்கொண்டு கபிலர் இருங்கோவேளிடம் போகிறார், இவர்களை மணந்துகொள் என்று கேட்கிறார். அப்போது அவனைப் புகழ்கிறார்: வடபுலத்து முனிவன் ஒருவனின் வேள்விக்குண்டத்தில் தோன்றி, துவரையை ஆண்ட வேளிர் வழியில் 49-ஆவது தலைமுறை நீ என்று. துவரை என்பது நம் துவாரகைதானா, கர்நாடகத்துத் துவாரசமுத்திரமா என்று வாதம் உண்டு. எதுவானாலும், ஈராயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு தமிழ்க் குறுநில மன்னனுக்குத் தூரதேசத்துப் பாட்டன் தேவைப்பட்டிருக்கிறான். அத்தனை தலைமுறையைச் சொல்லியும் இருங்கோவேள் அந்தப் பெண்களை ஏற்கவில்லை என்பது தனிச்சோகம்.

யாருக்கு, எப்போது வம்சாவளி தேவைப்படுகிறது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. சிவாஜி 1674-ல் ராய்கட்டில் முடிசூடும்போது, அவர் க்ஷத்ரியர்தானா என்று கேள்வி வந்தது. காசியிலிருந்து காகபட்டர் வந்தார், போன்ஸ்லேக்கள் மேவாரின் சிசோதியா ராஜபுத்திரர் வழி என்று வம்சாவளி காட்டப்பட்டது, பூணூல் போட்டு, பிறகு முடிசூட்டு. சிசோதியாக்களோ ராமன் வழி. ஆக அவருக்கு அது சிம்மாசனம் ஏறப் படிக்கட்டு.

சிவாஜியின் தம்பி ஏகோஜி வழி வந்த இரண்டாம் சரபோஜி 1799 ஒப்பந்தத்தில் தஞ்சை நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். மிச்சம் கோட்டையும் பென்ஷனும். சரியாக நாலு வருஷம் கழித்து, 1803-ல், பெரிய கோயில் திருச்சுற்றுச் சுவரில் போன்ஸ்லே வம்ச சரித்திரத்தை மராத்தியில் நீளநெடுக வெட்டவைத்தார். தஞ்சாவூர் போகிறவர்கள் அடுத்தமுறை பாருங்கள், எழுத்து நெருக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும். சின்ன வயதில் அதை ஹிந்தி என்று நினைத்துக்கொண்டு கடந்திருக்கிறேன். நாடு கையை விட்டுப் போனபின் சுவரில் எழுதிய வம்சம் அது.

சாமானியர்களுக்கு இந்த ஆசை பெரிதாக வந்தது வெள்ளைக்காரன் கணக்கெடுப்பில். 1901 சென்சஸில் ரிஸ்லி சாதிகளை மேல்கீழாக வரிசைப்படுத்தப் போக, நாடு முழுக்கச் சங்கங்கள் மனுவும் கையுமாகக் கிளம்பின. நாங்கள் இன்ன அரச வம்சம் என்று புத்தகம் புத்தகமாக அச்சடித்தார்கள். கீழே தள்ளப்பட்டவன் நிமிர்ந்து நிற்க அது ஒரு கைத்தடி, அதைக் கேலி செய்ய எனக்கு உரிமை கிடையாது. அதே கைத்தடியால் அடுத்தவனை அடிக்கும்போதுதான் பிரச்சினை. பெரியப்பா சார்ட்டின் மேல்பாதியும் அப்படி ஒரு சங்கப் புத்தகத்திலிருந்துதான் வந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொழில்புத்தி. ராஜராஜன் காலம் முடிந்து ஆயிரம் வருஷம், தலைமுறைக்கு 25 வருஷம் என்றால் 40 தலைமுறை. ஒவ்வொரு படிக்கும் முன்னோர் இரட்டிப்பாவதால் எனக்கு அப்போது 1,09,951 கோடிப் பாட்டன் பாட்டிகள் இருந்திருக்க வேண்டும். இன்றைய உலக மக்கள்தொகையே 800 கோடிச் சொச்சம்! ஆக, ஒரே ஆள் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறந்த குழந்தைக்குக் கொள்ளுத்தாத்தா பாட்டிகள் எட்டுப் பேர் இல்லை, ஆறு பேர்தான் என்பதை யோசித்தால் புரியும். சாதிக்குள்ளேயே கட்டிக்கொண்டதால் ராஜராஜன் எல்லோருக்கும் பாட்டன் என்று நம் நாட்டில் அடித்துச் சொல்ல முடியாது. 2013-ல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, சுமார் 4,200-லிருந்து 1,900 வருஷங்களுக்கு முன்வரை இங்கே எல்லாரும் தாராளமாகக் கலந்திருந்தார்கள், அப்புறம்தான் கதவு சாத்தப்பட்டது என்கிறது. வேள்விக்குண்டத்துக் கதை புழங்கிய காலத்தில் யார் வீட்டுப் பெண் யார் வீட்டுக்குப் போனாளோ!

சரி, எங்கள் குடும்பத்துக்கு நிஜமாக என்ன இருக்கிறது? அப்பாவின் தகரப்பெட்டியில் 1911-ஆம் வருஷத்து அடமானப் பத்திரம் ஒன்று. கொள்ளுத்தாத்தாவின் பெருவிரல் ரேகை. அவர் அப்பா பெயர், அதாவது எள்ளுத்தாத்தா, அதில்தான் வருகிறது. அதற்கு மேலே ஒன்றும் கிடையாது. அடமானம் வைத்த நிலம், 'என் மனைவிக்குச் சீதனமாய் வந்த நஞ்சை' என்று எழுதியிருக்கிறது. கொள்ளுப்பாட்டி பெயரும் இருக்கிறது. சார்ட்டில் அந்தப் பெயர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். எண்பத்தைந்து வயது. பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று ஊரில், வயல் குத்தகையில். பத்திர விஷயத்தைச் சொன்னதும் குஷியாகிவிட்டார்.

"கிழவி பேரு கிடைச்சிருச்சா? சேத்துரு, சேத்துரு."

"அப்படியே சின்ன அத்தை பேரையும் சேத்து அனுப்பவா பெரியப்பா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"கோயில்ல மாட்டுறது தம்பி. நாலு பேரு பாப்பாங்க."

"பாக்கட்டும் பெரியப்பா. என் மகளே கேட்டுட்டா."

மறுபடி அமைதி. அப்புறம், "அவளுக்குப் பேரப்பிள்ளைங்க எத்தனை?"

"ரெண்டு."

"பேரு?"

சொன்னேன். எழுதிக்கொண்டாரா, சும்மா கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. "பாப்போம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மகள் ஸ்கெட்ச் பேனாவால் அத்தை பெயரையும் மாமா பெயரையும் எழுதி, கொள்ளுப்பாட்டியையும் அவர் இடத்தில் வைத்துவிட்டாள். நேற்று கூரியரில் போட்டாயிற்று. ஐயாயிரத்தை இன்னும் அனுப்பவில்லை. ஃப்ரேம் போட்ட படத்தை முதலில் வாட்ஸப்பில் அனுப்பட்டும்.