கடனிலிருந்து மீள மூன்று கதவுகள்: சம்பூரை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

சம்பூர் என்றதும் எமது வாசகர்களுக்கு யுத்தம் நினைவுக்கு வரும். அடுத்து உயர் பாதுகாப்பு வலயமும் அனல்மின் நிலையமும் நினைவுக்கு வரும். திருகோணமலைத் துறைமுகத்துக்கு அக்கரையில், கொட்டியாரக் குடாவின் தெற்கே கிடக்கும் இவ்வூரின் காணிப் பிரச்சினை பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. காணி திரும்பக் கிடைத்த பின்னர் அம்மக்கள் பட்ட கடனைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. மூதூர்க்காரனான எனக்கு அக்கடன் அயலூர்ச் சங்கதி அல்ல. ஒரே கடன் உத்தியோகத்தர் காலையில் எங்கள் தெருவிலும் பகலில் சம்பூரிலும் வசூலித்துப் போன காலம் ஒன்றிருந்தது.

கடனில் மூழ்கியவனுக்கு இந்நாட்டின் சட்டம் காலத்துக்குக் காலம் சில கதவுகளைத் திறந்துள்ளது. அவை எப்போது, யாருக்காகத் திறக்கப்பட்டன என்று பார்த்தால்தான், இன்று கஷ்டப்படும் ஒருவர் எந்தக் கதவைத் தட்டுவது என்று தீர்மானிக்க முடியும். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

முதலில் கடன் வந்த வழியைப் பார்ப்போம். 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் அஞ்சிச் சம்பூர் மக்கள் வெளியேறினர். அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்ப் பக்கம் ஓட நேர்ந்தது. செப்டெம்பரில் சம்பூர் இராணுவத்தின் வசமானது. 2007இல் அது உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய இடங்களின் முகாம்களில் மக்கள் வருடக்கணக்கில் கிடந்தனர். 2015இல்தான் காணிகள் விடுவிக்கப்பட்டன. கடற்படை முகாம் இருந்த பகுதி 2016இல் விடப்பட்டது.

திரும்பியவர்கள் கண்டது காடு பற்றிய வளவும், சுவர் இல்லாத அத்திவாரமும். கிணறு இறைக்க வேண்டும், வேலி அடைக்க வேண்டும், வலையும் தோணியும் வாங்க வேண்டும். வங்கிக்குப் போனால் உறுதி கேட்டார்கள், அரச உத்தியோகத்தர் இருவரின் பிணை கேட்டார்கள். அனுமதிப்பத்திரக் காணி வைத்திருந்தவருக்கு அதை விரும்பியபடி ஈடு வைக்க 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இடம் தரவில்லை. இவை எதையும் கேட்காமல், நாலைந்து பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கொருவர் பிணை நிற்கச் செய்து, வாசலுக்கே காசு கொண்டுவந்தது நுண்கடன் கம்பனி.

அதன் கணக்கை ஓர் உதாரணத்தால் காட்டலாம். 50,000 ரூபா கடன். கிழமைக்கு 1,250 ரூபா வீதம் ஐம்பது கிழமை கட்டினால் 62,500 ரூபா ஆகிறது. வட்டி 12,500 ரூபா, அதாவது 25 வீதம் என்பார்கள். ஆனால் முதலும் கிழமைதோறும் குறைந்துகொண்டே போகிறது. வருடம் முழுவதும் அவள் கையில் 50,000 இருக்கவில்லை, சராசரியாக அதில் பாதியே இருந்தது. உண்மையான வட்டி ஆண்டுக்கு 45 வீதத்தைத் தாண்டும். மீன் படாத கிழமையிலும் கட்டுக்காசு கட்டியாக வேண்டும். ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியில் எடுத்தார்கள். அதற்குக் கட்டக் காதில் கிடந்ததை அடகு வைத்தார்கள்.

சம்பூரில் ஒரு தாய், நான் ஆசிரியன் என்பதால் மூன்று கடன் புத்தகங்களை என் முன்னே விரித்து வைத்துக் கேட்டார்: “சேர், இதில எதை முதல்ல கட்டுறதெண்டு சொல்லித் தாங்க.” அவர் கேட்டது தள்ளுபடி அல்ல, ஒரு ஒழுங்கு. பல கடன்காரர் ஒருங்கே நெருக்கும்போது யாருக்கு எவ்வளவு, எப்போது என்று தீர்த்துவைக்கும் ஒழுங்கைத்தான் உலகெங்கும் கடன் நிவாரணச் சட்டம் என்கிறார்கள்.

இலங்கையில் அதன் முதற்கதவு 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வங்குரோத்துக் கட்டளைச் சட்டம். கோப்பித் தோட்டங்களும் கொழும்பு வணிகக் கம்பனிகளும் பெருகிய காலம் அது. 1840களின் பிற்பகுதியில் கோப்பி விலை சரிந்து பலர் நொடித்துப் போயிருந்தனர். கடன்பட்டவர் மாவட்ட நீதிமன்றத்தில் தம் சொத்து முழுவதையும் ஒப்படைப்பார். அது விற்கப்பட்டுக் கடன்காரர்களுக்குப் பங்கிடப்படும். பின்னர் நீதிமன்றம் ஒரு சான்றிதழ் வழங்கி அவரை விடுவிக்கும். அக்காலத்து இங்கிலாந்துச் சட்டத்தைப் பின்பற்றி அச்சான்றிதழ் மூன்று தரங்களாக வகுக்கப்பட்டது. தவிர்க்க முடியாத நட்டத்தால் வீழ்ந்தவருக்கு முதலாந் தரம். ஓரளவு தன் தவறும் சேர்ந்தவருக்கு இரண்டாந் தரம். தன் செயலாலேயே வீழ்ந்தவருக்கு மூன்றாந் தரம். கடனாளியின் மானத்துக்கும் அரசு முத்திரை குத்தியது.

இக்கதவு வியாபாரிக்காகச் செய்யப்பட்டது. சட்டத்தரணியும் வழக்குச் செலவும் பங்கிடுவதற்குச் சொத்தும் தேவை. ஒப்படைக்க எதுவுமில்லாத நாட்டுப்புறக் கடனாளியை அச்சட்டத்தை எழுதியவர்கள் மனதிற் கொள்ளவில்லை.

இரண்டாம் கதவு திறக்க இன்னும் 88 ஆண்டுகள் ஆயின. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் தேங்காயும் இறப்பரும் விலை விழுந்தன. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் ஈடு வைக்கப்பட்ட காணிகள் கைமாறத் தொடங்கின. செட்டியார்களுக்குக் கடன் கொடுத்த ஐரோப்பிய வங்கிகளும் கையைச் சுருக்கிக்கொண்டிருந்தன. 1934இல் பொச்கானவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமர்ந்தது. அதன் விளைவாக 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. இந்தியாவிலும் இதே நெருக்கடிதான். 1933இல் மத்திய மாகாணங்களிலும் அடுத்து பஞ்சாப்பிலும் 1936இல் சென்னை மாகாணத்திலும் கடன் சமரசச் சபைகளுக்குச் சட்டம் வந்தது. 1938இல் ராஜாஜியின் அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்து, முதலின் இரு மடங்கு கட்டியாயிற்று என்றால் பழைய கடன் தீர்ந்ததாகவே கொள்ளச் செய்தது.

அக்காற்று இங்கும் வீசியது. அரசாங்க சபை 1941இல் 39ஆம் இலக்கக் கடன் இணக்கக் கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்வழி கடன் இணக்கச் சபை உருவானது. கடனாளியோ கடன் கொடுத்தவரோ அதற்கு விண்ணப்பிக்கலாம். சபை இரு தரப்பையும் அழைத்துப் பேசி, தவணையையும் வட்டியையும் இணக்கமாகத் தீர்க்க முயலும். விண்ணப்பம் விசாரணையில் உள்ளபோது அக்கடன் பற்றி நீதிமன்றில் வழக்குத் தொடுப்பதற்குத் தடை உண்டு. அடுத்த ஆண்டு வந்த காணி மீட்புக் கட்டளைச் சட்டம், கடனுக்காகக் கைவிட்டுப் போன விவசாயக் காணிகளை அரசு சுவீகரித்துப் பழைய உரிமையாளருக்கு மீட்டுக் கொடுக்கவும் வழி செய்தது.

இவ்விரு சட்டங்களும் குறிவைத்தது ஈட்டை மட்டுமல்ல, நிபந்தனை உறுதியையும்தான். அதாவது, குறித்த காலத்துக்குள் காசைத் தந்தால் காணியைத் திருப்பி எழுதித் தருவேன் என்ற நிபந்தனையுடன் விற்பனை உறுதி எழுதுவது. பெயரில் விற்பனை, உள்ளே கடன். எமது மரபிலும் இதற்கோர் உறவுக்காரன் உண்டு. மத்திய ஆசியாவில் வழக்குக்கு வந்து, பின்னர் உஸ்மானியரின் மஜல்லாச் சட்டத் தொகுப்பிலும் இடம்பிடித்த ‘பைஉல் வஃபா’ அது. ரிபாவைத் தவிர்ப்பதாகச் சொல்லிச் செய்த அந்த ஏற்பாட்டை ஏற்பதா, மறுப்பதா என்று புகஹாக்கள் நூற்றாண்டுக் கணக்கில் விவாதித்தார்கள். காணி பறிபோகும் ஆபத்து மட்டும் இரண்டுக்கும் பொது.

இந்த இரண்டாம் கதவும் காணி உள்ளவனுக்கே. ஈடும் நிபந்தனை உறுதியும் இல்லாத குழுக் கடன் கடன் இணக்கச் சபையின் வரம்புக்குள் வராது.

மூன்றாம் கதவு அரசின் தள்ளுபடி. 2018இல் நிதியமைச்சராயிருந்த மங்கள சமரவீர, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுடைய, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அறிவித்தார். திருகோணமலையும் அதிலொன்று. நிபந்தனை, 2018 ஜூன் 30இல் மூன்று மாதமோ அதற்கு மேலோ தவணை தவறியிருக்க வேண்டும். பலருக்கு அது மூச்சு விட்ட நேரம்தான். ஆனால் தோட்டை அடகு வைத்து, பிள்ளையின் பாலைக் குறைத்து, ஒரு கிழமையும் தவறாமல் கட்டி வந்தவள் அந்நிபந்தனைக்குள் வரவில்லை. கட்டியதற்கே அவள் தண்டிக்கப்பட்டாள் என்று சொன்னால் மிகையாகாது. தள்ளுபடி ஒரு நாளில் வந்து ஒரு நாளில் முடிகிறது. அடுத்த கடனுக்கு அது ஒழுங்கு எதையும் விட்டுச் செல்வதில்லை. 2016ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டமும் வைப்புப் பெறும் கம்பனிகளையே அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்தது. எஞ்சியவர்கள் வெளியே நின்றனர். 2021 மார்ச் 8இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்ததும் இதனால்தான்.

ஆகவே கடனில் சிக்கியவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ‘எவ்வளவு கடன்’ என்பதல்ல, ‘எவ்வகைக் கடன்’ என்பதே. காணி ஈடாகவோ நிபந்தனை உறுதியாகவோ போயிருந்தால், மீட்கும் காலம் முடியுமுன் கடன் இணக்கச் சபைக்குப் போவதே வழி. காலம் கடந்தால் அக்கதவு மூடிவிடும். பல கடன்காரருக்குப் பதில் சொல்லும் வியாபாரிக்கு 1853ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி எத்தகையது என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்கலாம். சொத்தும் வியாபாரப் பெயரும் போகும் என்பதை அறிந்துகொண்டே கேட்க வேண்டும். வங்கியோ நிதிக் கம்பனியோ 1990ஆம் ஆண்டின் கடன் மீட்புச் சட்டத்தின் கீழ் வழக்கிட்டால், கட்டளை கைக்கு வந்ததும் குறித்த நாளில் நீதிமன்றில் தோன்றி அனுமதி கேட்க வேண்டும். வெட்கப்பட்டு வீட்டிலிருந்தால் கட்டளை முடிவானதாகிவிடும். குழுக் கடன் என்றால் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி, குழுவாகவே போய், தவணை நீடிப்பை எழுத்தில் வாங்க வேண்டும். எந்த வழியானாலும் ஒரு கடனை அடைக்க அதைவிட வட்டி கூடிய இன்னொரு கடனை எடுப்பது நிவாரணம் ஆகாது.

இவ்விடத்தில் எமது மரபு என்ன சொல்கிறது? கஷ்டத்திலுள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்லும் அல்குர்ஆன், விட்டுக்கொடுப்பதை இன்னும் சிறந்ததாகக் கூறுகிறது. பழம் வாங்கி நட்டப்பட்ட ஒருவருக்காக நபி (ஸல்) அவர்கள் மக்களிடம் தர்மம் திரட்டியதையும், அதுவும் போதாதபோது கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுமாறு கடன் கொடுத்தவர்களைப் பணித்ததையும் ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் ‘தப்லீஸ்’ என்றே தனி அத்தியாயம் உண்டு. கடனாளியின் சொத்தை காழி தடுத்துவைத்து, விற்று, பங்கிடுவார். எஞ்சிய கடன் அழியாது. ஆனால் இல்லாதவனை நெருக்கவும் கூடாது. ஆங்கிலச் சட்டம் சான்றிதழ் கொடுத்துக் கடனை முடிக்கிறது. பிக்ஹு கடனை நிறுத்திவைத்து, அதை அடைக்கும் பொறுப்பில் சமூகத்துக்கும் பங்கு வைக்கிறது. ஸகாத்தின் எட்டுப் பிரிவுகளில் கடனாளிகளுக்கும் ஒரு பங்கு இருப்பது அதற்காகவே. கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ், வீண்விரயம் இன்றிக் கடன்பட்டவர்களின் கடனைப் பொதுநிதியிலிருந்து தீர்க்கும்படி ஈராக்கின் ஆளுநருக்கு எழுதியதாக அபூ உபைத் பதிவு செய்துள்ளார்.

எமது ஊர்களில் ஸகாத் திரட்டும்போது ஏழைகளும் மிஸ்கீன்களும் நினைவுக்கு வரும் அளவுக்குக் கடனாளிகளின் பிரிவு நினைவுக்கு வருகிறதா என்று நான் கேட்டுப் பார்ப்பதுண்டு. அரிசி மூடை கொடுப்பது இலகு. கடன் புத்தகத்தை வாங்கிப் படித்து, கணக்குப் பார்த்து, கம்பனியுடன் பேசி அடைப்பது கடினம். அதைச் செய்ய ஒரு பள்ளிவாசலில் எழுதப் படிக்கத் தெரிந்த நாலு பேர் போதும். ஸதகா கொடுக்கவும் கணக்குப் பார்த்துக் கொடுக்கவும் மத எல்லையும் இல்லை. மூதூர் மேசையில் சம்பூர்ப் பெண்ணின் புத்தகமும் விரிக்கப்படலாம்.

ஆனால் சமூகம் செய்வது சட்டத்தின் இடத்தை நிரப்பிவிடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2009இல் சொத்தும் வருமானமும் மிகக் குறைந்தவர்களுக்கென்றே கடன் நிவாரண ஆணை என்ற புதிய வழி திறக்கப்பட்டது. 12 மாதம் கடன்காரர் நெருக்க முடியாது. நிலைமை மாறாவிட்டால் அதற்குட்பட்ட கடன்கள் தீர்ந்துபோகும். ஒன்றுமில்லாதவனுக்கும் ஒரு கதவு வேண்டும் என்பதை அந்நாடு அப்போதுதான் ஒப்புக்கொண்டது. எமது நாட்டுக்கு அந்த நியாயம் தெரியாததல்ல. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. கடன் கொடுத்த நாடுகள் குழுவாகக் கூடின, பிணைமுறிக்காரர்களுடன் பேசப்பட்டது, 2024 டிசம்பரில் பிணைமுறி மாற்றமும் நடந்தேறியது. தவணை நீண்டது, ஒரு பகுதி குறைக்கப்பட்டது. இலங்கை அரசு வெட்கப்பட்டு ஊரைவிட்டு ஓடவில்லை, யாரும் அதை மூன்றாந் தரம் என்று முத்திரை குத்தவுமில்லை.

கோப்பித் துரைக்கு ஒரு சட்டம் வந்தது. காணிக்காரனுக்கு ஒரு சட்டம் வந்தது. நாட்டுக்கே ஒரு பேச்சுமேசை கிடைத்தது. குண்டுவீச்சில் வீடிழந்து, ஒன்பது வருடம் முகாமில் இருந்து, திரும்பி வந்து கிணறு இறைக்கக் கடன் பட்டவளுக்கும் அதே மரியாதையுடன் ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்பது தர்மம் கேட்பதல்ல.