மேசைமேற் போர்க்களம்

ஈயத்தில் வார்த்த விரலளவுப் போர்வீரருக்கு மெல்லிய தூரிகையால் வர்ணந் தீட்டி, சாந்தினாலும் மரத்தூளினாலும் குன்றும் வயலும் சிற்றூரும் அமைத்து, மேசைமேல் அவற்றை நிறுத்திப் போர்விளையாட்டு ஆடும் வழக்கம் இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலருக்குப் பொழுதுபோக்காக இருக்கின்றது. இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால், ஒரு போர்க்களத்தை மேசையளவுக்குச் சுருக்குபவன் யாரை எங்கே நிறுத்துவது, யாரை நிறுத்தாது விடுவது என்ற வினாவுக்கு விடை சொல்லியே தீரவேண்டும். சரித்திராசிரியனை எதிர்நோக்கும் வினாவும் அதுவே. எழுதுபவன் 'பெரும்பாலும்', 'ஏறத்தாழ' என்று சொல்லி நழுவிவிடலாம். மேசைமேல் நிற்கும் பொம்மைக்கு அந்த வசதி இல்லை.

இவ்விளையாட்டு அரண்மனையிலே வளர்ந்தது. 1812ஆம் ஆண்டில் றைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்யப் பிரபு, தம் மன்னன் மூன்றாம் பிரெடெரிக் வில்லியமுக்கு ஒரு மேசையை அளித்தார். சாந்தில் வார்த்து வர்ணம் பூசிய நிலத்துண்டுகளை அதன்மேல் விரும்பியவாறு மாற்றி அடுக்கி, ஆறும் காடும் ஊருமாகப் புதிய புதிய களங்களை அமைக்கலாம். அவருடைய மகன், பீரங்கிப்படை அதிகாரி, 1824இல் அழகிய மேசையை அகற்றிவிட்டு, நிலப்படம், சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகள், தாயக்கட்டை என்பவற்றைக்கொண்டு கடுமையான விதிகளுடன் அதனைப் படைப்பயிற்சியாக மாற்றினார். அப்போது பிரஷ்யப் படைத்தலைமைப் பணியகத்தின் தலைவராயிருந்த மியூப்லிங், முதலில் ஆர்வமின்றிப் பார்த்திருந்து, ஈற்றில் அதனைப் படை முழுவதற்கும் சிபார்சு செய்தார். இந்த மியூப்லிங்கின் பெயரை வாசகர் மனத்திருத்த வேண்டுகிறோம். 1815இல் வாட்டர்லூவில் வெலிங்டன் கோமகனின் பாசறையிலே பிரஷ்யரின் தொடர்பதிகாரியாக இருந்தவர் இவரே.

மன்னர் மாளிகைக்கு வெளியே, சாதாரண வீடுகளுக்குப் போர்வீரப் பொம்மைகளைக் கொண்டுசேர்த்தவர்கள் நூரன்பேர்க் நகரத்து ஈயக் கம்மியர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹில்பேர்ட் என்பவரும், 1839இல் தொழில் தொடங்கிய ஹைன்றிக்சன் குடும்பத்தாரும் இத்துறையிற் பெயர்பெற்றனர். கற்பலகையிற் செதுக்கிய அச்சிலே தட்டையான உருவங்களை வார்த்தெடுத்தனர். செதுக்கிய கலைஞனின் பெயர் சில வேளைகளிலாவது நமக்குக் கிடைக்கின்றது. வர்ணந் தீட்டியவர்களின் பெயர்தான் கிடைப்பதில்லை. அவ்வேலை பெரும்பாலும் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பப்பட்டது. பெண்களும் பிள்ளைகளும் எண்ணிக்கைக் கூலிக்கு அதனைச் செய்தனர். ஒரு கை நூறு நீலச் சட்டைகளுக்கு வர்ணமிட, இன்னொரு கை நூறு முகங்களுக்கு ஒரேயொரு புள்ளி வைக்கும். 1893இல் இலண்டனில் பிரிட்டன்ஸ் நிறுவனத்தார் உள்ளீடற்ற ஈயப் பொம்மைகளை வார்த்து ஜேர்மன் சரக்கை விலையில் வென்றபோதும், தூரிகை பிடித்த கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகளாகவே இருந்தன.

அந்தப் பொம்மைகளைக்கொண்டே எச். ஜி. வெல்ஸ் தமது ஆட்டத்தை வகுத்தார். பலகைகளால் குன்றுகள், தோட்டத்துச் சிறுகிளைகளால் மரங்கள், விற்சுருள் பொருத்திய பீரங்கியால் மரக்குண்டுகள்! 'சின்னஞ்சிறு யுத்தங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் 1913இல் அவர் வெளியிட்ட நூல், போர்வெறி கொண்டோரை ஒரு பெரிய அறையில் அடைத்துப் பொம்மைகளோடு போரிட விட்டுவிடலாம் என்று ஏளனஞ் செய்கின்றது. மறு ஆண்டே உலக யுத்தம் மூண்டது. சோஷலிசவாதியான வெல்ஸும் அதனைப் போர்களுக்கு முடிவுகட்டும் போர் என்று ஆதரித்து எழுதினார். மேசைமேல் இருந்த தெளிவு மேசையை விட்டு எழுந்ததும் கலைந்துபோயிற்று என்றே நாம் கருதுகிறோம்.

ஆயினும் நாம் இக்கட்டுரையிற் சொல்ல விரும்பிய கதை வெல்ஸுக்கு முக்கால் நூற்றாண்டு முந்தியது. அது விளையாடுவதற்கென்று செய்யப்பட்ட களமன்று. காட்சிக்கு வைக்கச் செய்யப்பட்டது. விளையாட்டு மேசைகளில் அமைந்த எந்தக் களமும் அதன் அளவுக்குத் தொல்லை விளைத்ததில்லை.

வில்லியம் சைபோர்ன் 1797இற் பிறந்தவர். அயர்லாந்திலே படைத்தளபதியின் உதவிச் செயலாளராயிருந்த ஒரு லெப்டினன்ட். வாட்டர்லூப் போரில் அவர் பங்குபற்றியவரல்லர். 1830இல், பிரித்தானியப் படையின் தளபதி ஹில் பிரபு, அப்போர்க்களத்தின் மாதிரியுரு ஒன்றைச் செய்யும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். சைபோர்ன் களத்தின் நடுவே இருந்த லா ஹே சாந்த் பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். அளப்பதற்கு எளிதான நிலமன்று அது. போரிலே காயமுற்ற ஒல்லாந்து இளவரசனின் நினைவாக 1826இற் கட்டிமுடித்த சிங்கமேட்டுக்கு, வெலிங்டனின் படை நின்ற முகட்டிலிருந்தே மண்ணை வெட்டியெடுத்திருந்தனர். பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய மேடுபள்ளத்தை அவர் எஞ்சிய நிலத்திலிருந்து ஊகிக்க நேர்ந்தது.

நிலம் சொல்லாததை மனிதரிடம் கேட்க முற்பட்டார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்குச் சுற்றுக் கடிதம் அனுப்பினார். மாலை ஏழு மணியளவில், நெப்போலியனின் மெய்காவற்படை இறுதித் தாக்குதல் தொடுத்த வேளையில், உமது படைப்பிரிவு எங்கே நின்றது? எதிரே பகைவர் எவ்வாறு அணிவகுத்திருந்தனர்? வயலிலே என்ன பயிர் நின்றது? சுமார் 700 மறுமொழிகள் வந்து குவிந்தன. ஒரு போரைப்பற்றி அதில் ஈடுபட்டோரிடம் இவ்வளவு விரிவாக விசாரித்தவர் அவருக்கு முன் எவரும் இலர் எனலாம். எனினும், கடிதங்கள் அதிகாரிகளுக்கே சென்றன. கம்பு வயலில் முழங்காலிட்டுத் துப்பாக்கி பிடித்த சாதாரணச் சிப்பாயிடம், உன் முன்னே நின்ற பயிர் என்ன என்று எவரும் கேட்கவில்லை. களத்தில் மடிந்தவர்களின் பற்களைப் பிடுங்கிச் செயற்கைப் பல்வரிசைகள் செய்து விற்ற காலம் அது. அவற்றை 'வாட்டர்லூப் பற்கள்' என்றே அழைத்தனர்.

1833இல் அரசாங்கம் மேலும் பணந்தர மறுத்தது. சைபோர்ன் வேலையை நிறுத்தாமல் சொந்தப் பொறுப்பிற் கடன்பட்டுத் தொடர்ந்தார். செலவு ஏறத்தாழ 3,000 பவுண் ஆயிற்று. ஒரு மைலுக்கு ஒன்பது அடி என்ற அளவுத்திட்டத்தில், சுமார் 400 சதுர அடிப் பரப்பிலே, சாந்தினால் நிலம் எழுந்தது. அதன்மேல் 70,000க்கு மேற்பட்ட ஈய உருவங்கள். ஒவ்வொன்றும் விரல்நகத்தளவே இருக்கும். ஒவ்வொன்றும் இரு வீரரைக் குறிக்கும். ஒவ்வொரு படைப்பிரிவும் அதற்குரிய நிறத்தில் நின்றது. 1838இல் இலண்டன் பிக்கடில்லியிலிருந்த எகிப்திய மண்டபத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. ஆளுக்கு ஒரு சிலிங் கொடுத்து ஏறத்தாழ இலட்சம் பேர் பார்த்தனர். வந்த பணம் சைபோர்னின் கைக்கு எட்டவில்லை.

தொல்லை பணத்தோடு நிற்கவில்லை. ஏழு மணிக்குக் களத்தில் நின்றவர் யாவர்? வெலிங்டனின் படையிலேயே பிரித்தானியர் பாதிக்கும் குறைவு. ஒல்லாந்தர், பெல்ஜியர், ஹனோவரியர், நாஸோவினர், பிரன்ஸ்விக்கர் எனப் பலரும் அங்கிருந்தனர். பிற்பகல் நான்கரை மணியளவிலிருந்து கிழக்கே பிரஷ்யர் போரில் இறங்கிவிட்டனர். பிளான்செனுவா என்ற சிற்றூரைக் கைப்பற்றவும் இழக்கவும் மீண்டும் கைப்பற்றவுமாக அவர்கள் பட்ட சேதம் மிகப் பெரிது. அன்று ஏறத்தாழ 7,000 பிரஷ்யர் மாண்டனர், அல்லது காயமுற்றனர். சைபோர்ன் பிரஷ்யப் படைத்தலைமையோடும் கடிதத் தொடர்பு கொண்டு, கிடைத்த விபரப்படியே அவர்களைத் திரளாக நிறுத்தினார். பார்ப்பவன் கண்ணுக்கு, பிரித்தானியர் தனித்து நின்று ஈட்டிய வெற்றியாக அது தோன்றவில்லை.

வெலிங்டன் அப்போது வெறும் தளபதியல்லர். பிரதமர் பதவியும் வகித்துவிட்ட, ஆளும் வர்க்கத்தின் வாழும் சின்னம். போர் முடிந்த மறுநாள் எழுதிய அறிக்கையிலே பிரஷ்யரின் உதவியை அவரே மனமொப்பிப் புகழ்ந்திருந்தார். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த நாள் ஒரு வர்க்கத்தின் சொத்தாகிவிட்டது. ஏழு மணியைக் காட்டாமல் வேறொரு வேளையைக் காட்டலாமே என்ற ஆலோசனை கோமகனின் நெருங்கிய வட்டத்திலிருந்து சைபோர்னுக்கு வந்தது. அவர் முதலில் இணங்கவில்லை. ஈற்றில் இணங்கினார். ஏறத்தாழ 40,000 பிரஷ்யரைக் குறித்த உருவங்கள் மாதிரியுருவிலிருந்து அகற்றப்பட்டன. இது கோமகனின் நெருக்குதலால் நேர்ந்ததா, சான்றுகளை மீண்டும் ஆராய்ந்து சைபோர்ன் தாமே கண்ட திருத்தமா என்பதில் சரித்திராசிரியர் இன்றும் வாதாடுகின்றனர். நெருக்குதல் என்று ஓங்கிச் சொல்வோரும் உளர். அதனை மிகைப்படுத்தல் என்று மறுப்போரும் உளர். கடன் கழுத்தை நெரிக்க, அரசாங்கம் மாதிரியுருவை வாங்கிக்கொள்ளாதா என்று காத்திருந்த ஓர் அதிகாரி சான்றுகளை எத்துணைச் சுதந்திரமாக மீண்டும் ஆராய்ந்திருப்பார் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

அரசாங்கம் அதை வாங்கவில்லை. சைபோர்ன் 1844இல் இரண்டாவது மாதிரியுரு ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். அதிற் போரின் முற்பகுதியில் நிகழ்ந்த பிரித்தானியக் குதிரைப்படையின் பாய்ச்சல் இடம்பெற்றது. பிரஷ்யர் களத்துக்கு வருமுன் நடந்த நிகழ்ச்சி அது, தகராற்றுக்கு இடமில்லை! அதே ஆண்டில் அப்போர்ப் படையெடுப்பின் சரித்திரத்தையும் நூலாக வெளியிட்டார். அவருக்கு வந்த கடிதங்களிற் பலவற்றை அவருடைய மகன் 1891இலே தொகுத்துப் பதிப்பித்தார். வாட்டர்லூவைப்பற்றி எழுதுவோர் எக்கட்சியினராயினும் இன்றும் அக்கடிதங்களைத் திறக்காமல் எழுத முடிவதில்லை.

சைபோர்ன் 1849ஆம் ஆண்டு ஜனவரியில் இறந்தார். அப்போது அவர் இலண்டன் செல்சீயிலுள்ள அரச இராணுவ இல்லத்தில் செயலாளராகக் கடமையாற்றிக்கொண்டிருந்தார். சாதாரணச் சிப்பாய்களின் பிள்ளைகளை, தந்தையை இழந்தோர் பலரை, வளர்த்து வந்த நிலையம் அது. மாதிரியுருவோ பல கைமாறி, அதே செல்சீயில், அவ்வில்லம் இருந்த இடத்திலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில், தேசிய இராணுவ நூதனசாலையின் உடைமையாக இருக்கின்றது.