பள்ளி மனநல ஆலோசகர்களுக்குத் துணிவு தரும் பயிற்சி

பள்ளிக்கூடத்தில் ஒரு மனநல ஆலோசகரை நியமித்துவிட்டால் நிர்வாகத்தின் பொறுப்பு முடிந்துவிடாது. சென்னை போன்ற நகரங்களில் வளரும் பிள்ளைகள் போதைப் பழக்கம், ஆன்லைன் சூதாட்டம், காதல், தேர்வு பயம், இணையவழி மிரட்டல் எனப் பல பிரச்சினைகளோடு அவர் முன் வந்து அமர்கிறார்கள். பயிற்சி இல்லாதவர் அதிர்ச்சியடைவார், அல்லது உபதேசம் செய்வார், அல்லது உடனே பெற்றோருக்குப் போன் செய்வார். அதன்பின் அந்த மாணவன் மனம் திறக்க மாட்டான்.

நமக்கு நபிவழியில் அழகிய முன்மாதிரி உண்டு. விபச்சாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த இளைஞரை மற்றவர்கள் அதட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் அவரை அருகில் அழைத்து அமர வைத்தார்கள். தாய்க்கோ மகளுக்கோ இதை விரும்புவாரா என்று கேட்டு, அவரையே சிந்திக்க வைத்தார்கள். பிறகு அவர்மீது கை வைத்து துஆ செய்தார்கள். அபூ உமாமா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்னத் அஹ்மதில் இடம்பெற்றுள்ளது.

பயிற்சியில் மூன்று விஷயங்கள் அவசியம்.

1. கேட்கும் பழக்கம்: ஒருவர் மாணவராகவும் மற்றவர் ஆலோசகராகவும் நடித்துப் பழக வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்பதை நேரடியாகக் கேட்கத் தயங்கக் கூடாது. கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படுவதில்லை.

2. இரகசியத்தின் எல்லை: மாணவர் சொல்வது அமானிதம். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் மறைக்க முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தவறினால் தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெடும் என்று நிர்வாகம் தடுப்பதும் சட்டவிரோதமே.

3. துணை: மனநல மருத்துவரிடம் எப்போது அனுப்புவது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆலோசகர் தன் சந்தேகங்களைக் கேட்க அனுபவமிக்க உளவியல் நிபுணர் ஒருவர் வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416 ஆகியவை அறைச் சுவரில் இருக்கட்டும்.

250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. அது நமக்கு எட்டாமல் இருக்கலாம். ஆனால் பேச ஒரு தனி அறை கொடுப்பதும், ஆலோசகரைத் தண்டனை கொடுக்கும் வேலைக்கு அனுப்பாமல் இருப்பதும் நம் கையில்தான் உள்ளன. நமது சமுதாயப் பள்ளிகளின் நிர்வாகிகள் வரும் கல்வியாண்டிலேயே இதற்கு நேரமும் நிதியும் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.