கட்டிப் போடாத பாலம்

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தை இணைக்கும் வான்பாலம், அந்தக் கோபுரங்களோடு இறுக்கிக் கட்டப்படவில்லை. 58 மீட்டர் நீளம், 750 டன் எடை, தரையிலிருந்து 170 மீட்டர் உயரம். அவ்வளவு பெரிய எஃகுக் கூட்டை இரு முனையிலும் நகரும்படி விட்டு வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு மேலே போய்ப் படம் எடுப்பவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தால் சிலர் ஏறவே மாட்டார்கள்.

பொறியியல் முதலாண்டுப் பிள்ளைகள் விசை, எதிர்விசை, சமநிலை என்று புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். இந்தப் பாலம் பிறந்த கதையைச் சொன்னாலே அவர்களுக்குப் பாதிப் பாடம் முடிந்துவிடும் என்பேன். பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்கள் கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு நடந்து போய் ரயிலேறினால் கோபுரங்கள் நிற்கும் கேஎல்சிசி வந்துவிடும். பூங்காப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

அந்த இடம் முன்பு குதிரைப் பந்தயத் திடல். ஜாலான் அம்பாங்கில் சிலாங்கூர் டர்ஃப் கிளப் இருந்த நிலம். குதிரைகள் சுங்கை பெசிக்கு இடம் மாறின. 1991இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் சேசார் பெல்லியின் திட்டம் தேர்வானது. அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் தொழில் நடத்தியவர். கோபுரங்களைவிட அவற்றுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தின் மேல்தான் அவருக்குக் கண். குறுக்கே ஒரு பாலம் போட்டால் அந்த வெற்றிடம் வானத்துக்கான வாசலாகிவிடும் என்று நினைத்தார். காகிதத்தில் வாசல் வரைவது சுலபம். அதை நிற்க வைக்கும் தலைவலி நியூயார்க்கின் தார்ன்டன்-தொமசெட்டி நிறுவனத்துக்கும் உள்ளூர் ரன்ஹில் பெர்செக்குத்து நிறுவனத்துக்கும் வந்து சேர்ந்தது.

1993 மார்ச்சில் மண் தோண்டத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே நிலம் தன் குணத்தைக் காட்டியிருந்தது. பத்துமலையில் நாம் படியேறிப் பார்க்கிற அதே சுண்ணாம்புப் பாறைதான் நகரத்துக்கு அடியிலும் ஓடுகிறது, அதே பொந்துகளோடும் பள்ளங்களோடும். முதலில் குறித்த இடத்தில் கட்டியிருந்தால் ஒரு பாதி பாறையை ஒட்டியும் மறுபாதி ஆழமான மண்மேலும் நின்றிருக்கும். மண் பக்கம் இறங்கி, பாறைப் பக்கம் இறங்காமல் நின்றால் கோபுரம் சாயும். ஒரு கோபுரத்தின் எடையோ ஏறத்தாழ 3 லட்சம் டன். ஆகவே திட்டத்தையே 60 மீட்டர் நகர்த்தி, முழுக்க மண்மேல் வைத்தார்கள். கோபுரத்துக்கு 104 ஆழ்தூண்கள். சில 100 மீட்டருக்கும் கீழே போகின்றன. அவை பாறையில் போய் உட்காரவில்லை. சுற்றியுள்ள மண்ணின் உராய்வுதான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. உராய்வு என்றால் வழுக்காமல் நடக்க உதவுகிற சின்ன விசை என்று பள்ளியில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். இங்கே 3 லட்சம் டன்னைத் தாங்குவது அதுதான்.

பாலத்துக்கு வருவோம். காற்றடித்தால் உயரமான கட்டடம் ஆடும். ஆடாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். கோபுரம் இரண்டு என்றால், இரண்டும் ஒரே தாளத்தில் ஆடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒன்று இந்தப் பக்கம் சாயும்போது மற்றொன்று அந்தப் பக்கம் சாயலாம். நடுவே உள்ள இடைவெளி கூடும், குறையும். பாலத்தின் இரு முனைகளையும் கான்கிரீட்டுக்குள் புதைத்திருந்தால், கோபுரங்கள் நெருங்கும்போது பாலம் நசுங்கும், விலகும்போது பிய்த்துக்கொள்ளும். பாலம் தாக்குப்பிடித்தால் சுவர் உடையும். பாலத்தை இன்னும் பருமனாகச் செய்தால் தீருமா? தீராது. பருமன் கூடக் கூட அது இன்னும் விறைப்பாகும், சுவரின் மேல் இன்னும் பலமாக மோதும்.

ஒரு பொருள் போக நினைக்கிற வழியை மறித்தால் மறித்த இடத்தில் விசை பிறக்கிறது. வழியை விட்டுவிட்டால் பிறப்பதில்லை. வெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் எஃகு ஒரு பாகை சூடேறினால் 0.012 மில்லிமீட்டர் நீளும். 58 மீட்டர் எஃகு 20 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 14 மில்லிமீட்டர். ஒரு விரல் அகலம்கூட இல்லை. நீள விட்டுவிட்டால் அதோடு கதை முடிந்தது. இரு முனையையும் அசையாமல் பிடித்துக்கொண்டால், எஃகின் வெட்டுமுகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ அரை டன் அமுக்கம் ஏறும். பாலத்தில் ஆளில்லை, காற்றில்லை, வெறும் வெயில். அந்த அரை டன்னைக் கொண்டுவந்தது நாம் போட்ட பூட்டு.

இதைத்தான் பாடப்புத்தகத்தில் மூன்று சின்னப் படங்களாகப் போட்டிருப்பார்கள். சுவருக்குள் புதைத்த முனை மேல்கீழ் அசைவு, பக்கவாட்டு அசைவு, சுழற்சி மூன்றையும் தடுக்கும். ஆகவே அங்கே இரண்டு விசைகளும் ஒரு திருப்புத்திறனும் வரும். கீல் போட்ட முனை சுழல விடும், இடம்பெயர விடாது. அதனால் இரண்டு விசைகள் மட்டும். உருளைமேல் வைத்த முனை சுழலும், நகரும். எடையை மட்டும் ஏந்தும், விசை ஒன்றே ஒன்று. மாணவர்கள் மூன்று, இரண்டு, ஒன்று என்று நெட்டுருப் போட்டுவிட்டுத் தேர்வு எழுதுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். எந்தெந்த அசைவைத் தடுத்தோம் என்று விரல் விட்டு எண்ணினாலே விடை வந்துவிடுமே.

வான்பாலத்தின் முனைகளை நகரும் தாங்கிகளில் வைப்பது என்று முடிவானது. கோபுரத்துக்குள் நுழையும் இடத்தில் பாலம் கொஞ்சம் உள்ளே போகலாம், கொஞ்சம் வெளியே வரலாம். ஆனால் இரண்டு முனையும் நகர்ந்தால் மொத்தப் பாலமும் ஒரு பக்கமாக நழுவிவிடாதா? நழுவும். அதை நடுவில் பிடித்து வைக்க ஒன்று வேண்டும். ஆற்றுப்பாலம் என்றால் தண்ணீருக்குள் தூண் இறக்கலாம். இங்கே தரையிலிருந்து 170 மீட்டருக்கு ஒரு தூணை எழுப்பினால் பெல்லியின் வாசல் அடைபட்டுப் போகும்.

விடை, கால்கள். 29ஆம் மாடியில் கோபுரத்துக்கு இரண்டாகப் புறப்பட்டு, கவிழ்த்த ‘வி’ போல மேலேறி, 41ஆம் மாடியில் பாலத்தின் நடுவயிற்றைத் தாங்குகின்றன. பூங்காவிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அவைதான். ஒவ்வொரு காலும் கோபுரத்தைத் தொடும் இடத்தில் ஒரு கோளத் தாங்கி இருக்கிறது. குழிந்த கிண்ணத்துக்குள் உருண்டை முகம் பொருந்தி உட்கார்ந்திருக்கும் கீல் அது. கோபுரம் எந்தப் பக்கம் ஆடினாலும் கால் அந்த உருண்டைமேல் திரும்பிக்கொள்ளும், முறுக்கிக்கொள்ளாது. ஒரு கோபுரம் 10 சென்டிமீட்டர் உள்ளே வந்து மற்றது அசையாமல் நின்றால், கால்கள் சேரும் இடம் 5 சென்டிமீட்டர்தான் நகரும். இருவருக்கும் நடுவே பாலம் தானாகவே நின்றுகொள்கிறது. மோட்டார் இல்லை, கணினி இல்லை, வடிவியல் மட்டும். இரு கோபுரங்களும் நெருங்கினால் நடுப்பகுதி சற்று உயரும், விலகினால் சற்றுத் தாழும்.

சும்மா தாங்கிவிடுமா கால்? இங்கேதான் விசையைக் கூறுபோடும் கணக்கு வருகிறது. ஈரத் தரையில் கால்களை அகட்டி நின்று பாருங்கள்: உடல் எடை கீழ்நோக்கித்தான் இழுக்கிறது, ஆனால் பாதங்கள் வெளிப்பக்கம் வழுக்கும். அதே சங்கதிதான். கணக்குக்காக நடுவில் 300 டன் சுமை, கால்களின் சாய்வு 60 பாகை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் கால் வழியே போகும் அமுக்கம் 150 டன் அல்ல, ஏறத்தாழ 173 டன். அதில் 150 டன் கீழ்நோக்கி. சுமார் 87 டன் கோபுரத்தை வெளிப்பக்கம் தள்ளுகிறது. சாய்வை 30 பாகையாகப் படுக்க வைத்தால் கால்வழி அமுக்கம் 300 டன்னாகும், வெளித்தள்ளல் 260 டன். சுமை கூடவில்லை, கோணம்தான் மாறியது. கால்கள் 12 மாடி கீழேயிருந்து அவ்வளவு நிமிர்வாகக் கிளம்புவதன் காரணம் இப்போது புரியும். அழகும் கிடைத்தது என்பது பெல்லியின் அதிர்ஷ்டம்.

இப்படிச் சாய்ந்த விசைகளைக் கூட்டவும் பிரிக்கவும் மனிதன் கற்றது ஒன்றும் பழைய கதையில்லை. நெதர்லாந்தின் சைமன் ஸ்டெவின் 1586இல் சாய்தளத்தின் மேல் உருண்டைகள் கோத்த சங்கிலியைப் போட்டு, அது தானாகச் சுற்றாது என்ற ஒரே உண்மையிலிருந்து சாய்தளச் சமநிலையைக் கறந்தார். இரண்டு விசைகளை இணைகரத்தின் பக்கங்களாக வரைந்தால் மூலைவிட்டமே மொத்த விசை என்ற விதியை 1687இல் நியூட்டனும், அதே ஆண்டில் பாரிஸில் வரிஞோனும் அச்சேற்றினார்கள். கால்களின் அடியில் கீல் வைத்த வளைவு, 19ஆம் நூற்றாண்டின் இரும்புக்காரர்களுடையது. ஐஃபலின் நிறுவனம் 1877இல் போர்ச்சுகலில் கட்டிய மரியா பியா பாலமும், 1884இல் பிரான்சில் முடித்த கராபிட் பாலமும் இரு கீல் வளைவுகள்தாம். கோலாலம்பூரில் அது 29ஆம் மாடிக்கு ஏறியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாலத்தின் பாகங்களை, ஏறத்தாழ 500 துண்டுகளாக, தென்கொரியாவில் செய்து கப்பலில் கொண்டுவந்தார்கள். இரண்டாம் கோபுரத்தைக் கட்டியது கொரியக் குழு. முதல் கோபுரத்தைக் கட்டிய ஜப்பானியக் குழுவோடு அவர்கள் போட்டி போட்ட கதையைத் தனியாகவே எழுதலாம். 1995 ஆகஸ்ட்டில் பாலம் மேலேறியது. முதலில் கால்களைத் தூக்கி, கோபுரத்தோரம் நிமிர்த்தி நிறுத்திக் கட்டி வைத்தார்கள். பிறகு தரையில் கோத்திருந்த பாலத்தின் நடுப்பகுதியை எஃகு வடங்களால் நீரழுத்த ஜாக்குகள் பிடிபிடியாக மேலே இழுத்தன. மெதுவாக இழுப்பதற்கும் இயந்திரவியல் காரணம் உண்டு. வேகம் மாறாதவரை வடங்களின் மொத்த இழுவிசை தூக்கும் பகுதியின் எடைக்குச் சமம். வெடுக்கென்று இழுத்தால் எடைக்கு மேலே இன்னொரு பங்கு சேரும். ஒரு மூலை மட்டும் கொஞ்சம் முந்தினாலும் வம்புதான். அந்த மூலையின் வடம் பக்கத்து வடத்தின் சுமையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும்.

நடுப்பகுதி உயரத்துக்கு வந்ததும், கட்டி வைத்த கால்களை மெல்லத் தளர்த்தி நடுவை நோக்கிச் சாயவிட்டார்கள். காலம் முழுக்க ஆட்டத்தைச் சமாளிக்க வைத்த அதே கோளக் கீல், பாலத்தைக் கோக்கும் நாளிலும் திரும்பிக் கொடுத்தது. இணைப்பு முடிந்து ஜாக்குகளைத் தளர்த்தத் தளர்த்த, வடங்களில் இருந்த இழுவிசை குறைந்தது, கால்களில் அமுக்கம் ஏறியது. எடையில் ஒரு கிலோ கூடவுமில்லை, குறையவுமில்லை. அது தரைக்குப் போகும் பாதைதான் மாறியது.

காற்று விட்டுவைத்ததா என்றால் இல்லை. நீண்ட மெல்லிய குழாயைக் கடக்கும் காற்று இருபுறமும் மாறி மாறிச் சுழித்துக்கொண்டு போகும், ஒவ்வொரு சுழிப்பும் குழாயை ஒரு தட்டுத் தட்டும். அந்தத் தட்டு, கால் இயல்பாக அதிரும் வேகத்தோடு ஒத்துப்போனால் அதிர்வு வளர்ந்துகொண்டே போய் எஃகைக் களைப்படைய வைக்கும். ஆகவே கால்களுக்குள்ளேயே எடைகளைச் சுருள்வில்லில் மாட்டி வைத்திருக்கிறார்கள். கால் ஒரு பக்கம் போகும்போது எடை எதிர்ப்பக்கம் போய் அதிர்வைத் தின்றுவிடும். வெளியே நின்று பார்ப்பவருக்கு வெறும் குழாய்.

பாலத்துக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார்கள். ஒரு கோபுரத்தில் தீப்பிடித்தால் ஆட்கள் பாலத்தின் இரண்டு தளங்களான 41, 42ஆம் மாடி வழியே அடுத்த கோபுரத்துக்குத் தப்பலாம். 2001 செப்டம்பர் 12 அன்று, நியூயார்க் தாக்குதலுக்கு மறுநாள், வெடிகுண்டு மிரட்டல் வந்து இரண்டு கோபுரங்களையும் ஒரே நேரத்தில் காலி செய்ய வேண்டியதாயிற்று. அந்தப் பக்கமும் ஆபத்து, இந்தப் பக்கமும் ஆபத்து என்றால் நடுப்பாலத்தால் என்ன பயன்? படிக்கட்டுகளும் அத்தனை கூட்டத்துக்குப் போதவில்லை. அதன் பிறகு திட்டத்தைத் திருத்தினார்கள். இரண்டையும் சேர்த்துக் காலி செய்ய நேர்ந்தால் மின்தூக்கிகளையும் பயன்படுத்துவது என்று வைத்து, 2005இல் ஒத்திகையும் நடத்திப் பார்த்தார்கள். அந்த ஒத்திகை ஒழுங்காக முடிந்தது.