தொழுவுரச் சேமிப்பு

தொழுவுரம் என்பது கால்நடைகளின் சாணம், சிறுநீர், தொழுவத்தில் பரப்பிய வைக்கோல், தின்றது போக எஞ்சிய தீவனம் ஆகியவை சேர்ந்து மட்கிய உரமாகும். இது எரு, குப்பை எனவும் வழங்கப்படும். பால்பண்ணைக் கழிவை வயலுக்குக் கொண்டு செல்லும் வரை அதன் சத்து குறையாமலும், நீர்நிலைகளில் கலக்காமலும் பாதுகாப்பது தொழுவுரச் சேமிப்பு ஆகும். இவ்விரு நோக்கங்களும் பிணைந்தவை. பயிருக்குக் கிட்டாமற்போகும் சத்தின் ஒரு பகுதியே கிணற்றையும் குளத்தையும் கெடுக்கிறது.

சத்து இழப்பும் நீர் மாசும்

நன்கு மட்கிய தொழுவுரத்தில் சராசரியாக 0.5% தழைச்சத்து (நைட்ரசன்), 0.2% மணிச்சத்து, 0.5% சாம்பல்சத்து உள்ளன. மாடு வெளியேற்றும் நைட்ரசனில் ஏறத்தாழப் பாதியும், சாம்பல்சத்தில் பெரும்பகுதியும் சிறுநீரில் உள்ளன. ஆயினும் மண்தரைத் தொழுவங்களில் சாணம் மட்டுமே அள்ளப்படுகிறது. சிறுநீர் தரையில் ஊறி வீணாகிறது.

சிறுநீரிலுள்ள யூரியா, சாணத்தில் வாழும் நுண்ணுயிர்களின் யூரியேசு நொதியால் சிதைந்து அம்மோனியாவாகிக் காற்றில் கலக்கிறது. தொழுவத்தின் காரநெடிக்கு இதுவே காரணம். எஞ்சியதை மண் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டும் களிமண் துகள்களும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஆதலால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை; மழைநீருடன் அது நிலத்தடி நீரை அடைகிறது. குடிநீரில் நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்தியத் தர வரம்பு. இதனை மீறிய நீரில் கரைத்த பாலுணவு கைக்குழந்தைகளின் குருதி ஆக்சிசனைச் சுமக்கும் திறனைக் குறைக்கக்கூடும். நீரைக் கொதிக்க வைப்பதால் நைட்ரேட்டு நீங்காது.

மணிச்சத்து குளங்களைச் சேரும்போது பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகுகின்றன.

குழி முறை

திறந்தவெளியில் குவிக்கப்படும் எரு வெயிலில் காய்ந்தும் மழையில் கரைந்தும் சத்தை இழக்கிறது. இதற்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்படுவது குழி முறை. குழி 6 முதல் 7.5 மீட்டர் நீளமும், 1.5 முதல் 2 மீட்டர் அகலமும், 1 மீட்டர் ஆழமும் கொண்டது. சிறுநீரை உறிஞ்சிய வைக்கோலும் சாணமும் நாள்தோறும் குழியின் ஒரு முனையிலிருந்து நிரப்பப்படுகின்றன. நிரம்பிய பகுதி தரைமட்டத்திற்கு மேல் 45 முதல் 60 செ.மீ. உயர்ந்ததும், அது கூரை போலக் குவிக்கப்பட்டுச் சாணமும் மண்ணும் குழைத்த சேற்றால் மெழுகப்படுகிறது. நான்கைந்து மாதங்களில் உரம் பயன்பாட்டிற்கு வரும். இரண்டு குழிகள் இருந்தால் ஒன்று மட்கும்போது மற்றொன்றை நிரப்பலாம். சூப்பர் பாசுபேட்டைத் தூவுவது அம்மோனியா இழப்பைக் குறைக்கும்.

குழி மேட்டுநிலத்தில், நிழலில், கிணற்றிலிருந்து தள்ளி அமைதல் வேண்டும். வசதி கருதிக் கிணற்றடியிலேயே குழி வெட்டும் வழக்கம் குறிப்பிடத்தக்க பிழையாகும். தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு எருக்குழிகளில் முட்டையிடுவதால், அதன் புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சை குழியில் இடப்படுகிறது.

வயலில் இடுதல்

நெல்லுக்கு எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் பரிந்துரைக்கப்படுகிறது. இதில் சுமார் 62 கிலோ நைட்ரசன் இருப்பினும், ஒரு பகுதியே முதற்பயிருக்குக் கிட்டும். முழுதும் மட்காத எருவை விதைப்புக்கு மூன்று, நான்கு வாரங்கள் முன்னரே இடுவர். எருவைச் சிறு குவியல்களாக வயலில் கொட்டிப் பல நாள் விட்டுவைப்பது, குழியில் காத்த சத்தை வெயிலுக்குக் கொடுப்பதாகும். பரப்பிய உடனே உழுதுவிட வேண்டும். ஆடுமாடுகளை இரவில் வயலிலேயே அடைக்கும் கிடை முறையில் சேமிப்பே தேவைப்படுவதில்லை. சிறுநீரும் நேரே மண்ணில் சேர்கிறது.

நிலத்திற்கு மிஞ்சிய சாணம்

தீவனத்தை வெளியிலிருந்து வாங்கும் நகர்ப்புறப் பண்ணைகளில், சாணத்தை ஏற்கும் அளவுக்கு நிலம் இருப்பதில்லை. கழுவிவிடப்படும் சாணநீர் சாக்கடைகளை அடைத்து நீர்நிலைகளில் கலக்கிறது. இதன் தொடர்பில், மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் பால்பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சாண எரிவாயுக் கலன் இச்சிக்கலை முழுமையாகத் தீர்ப்பதாகக் கருதுவோர் உளர். எரிவாயுவாக வெளியேறுவது பெரும்பாலும் கார்பனே. நைட்ரசனும் மணிச்சத்தும் கழிவுக்குழம்பில் தங்கிவிடுகின்றன. எனவே அக்குழம்புக்கும் மூடிய தொட்டியும் போதிய நிலமும் தேவை.

இவ்வகை மிகைச் சாணத்திற்கு நெதர்லாந்து அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991ஆம் ஆண்டு நைட்ரேட்டு நெறிமுறை, கால்நடை எருவழி இடப்படும் நைட்ரசனை எக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ என வரையறுத்தது. நெதர்லாந்தின் புல்வெளிப் பண்ணைகள் விதிவிலக்குப் பெற்று இதைவிட அதிகம் இட்டுவந்தன. அவ்விலக்கைப் படிப்படியாக நீக்க 2022இல் முடிவு செய்யப்பட்டது.