மடிநோய்க்குக் கற்றாழை, மஞ்சள் பூச்சு: எப்படி வேலை செய்கிறது, எதுவரை நம்பலாம்?

"கற்றாழையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன், இரண்டே நாளில் வீக்கம் வடிந்துவிட்டது" என்று சொல்லும் விவசாயிகள் உண்டு. "அதையேதான் நானும் பூசினேன், கடைசியில் ஒரு காம்பே அடைத்துப் போனது" என்று வருந்துபவர்களும் உண்டு. இருவர் சொல்வதும் உண்மைதான். இந்த மூலிகைப் பூச்சு மடிக்குள் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டால் அந்த ஒரு காம்பைக் காப்பாற்றிவிடலாம்.

மடிக்குள் நடப்பது என்ன?

காம்புத் துளை வழியாகக் கிருமிகள் உள்ளே நுழைந்ததும், மாட்டின் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் மடியை நோக்கி விரைகின்றன. இவைதான் உடலின் காவல்காரர்கள். கிருமிகளை விழுங்கி, வீரியமிக்க ஆக்சிஜன் பொருட்களைச் சுரந்து கொல்கின்றன. மடி சிவந்து, சூடாகி, வீங்கி, வலிப்பது இந்தப் போராட்டத்தின் அடையாளம். இதையே அழற்சி என்கிறோம்.

போராட்டம் அளவோடு நின்றால் நல்லது. நீண்டுகொண்டே போனால், கிருமியைக் கொல்லச் சுரந்த அதே பொருட்கள் பால் சுரக்கும் திசுக்களையும் அரித்துவிடும். அந்த இடத்தில் தழும்புத் திசு வளர்ந்து மடி கல்லாகிறது. அதன்பின் எந்த மருந்து கொடுத்தாலும் அந்தப் பகுதியில் பழைய அளவு பால் திரும்புவது கடினம்.

வீட்டிலேயே செய்யும் சோதனை

வீக்கம் தெரியும் முன்பே பாலில் வெள்ளை அணுக்கள் கூடிவிடும். நல்ல மடியின் பாலில் ஒரு மில்லிக்கு 2 லட்சத்துக்குக் குறைவான அணுக்களே இருக்கும். நோய் கண்டால் இது பல மடங்கு உயரும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் துணி துவைக்கும் பவுடரைக் கரைத்துக்கொள்ளுங்கள். நான்கு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் சிறிதளவு பிடித்து, அதே அளவு கரைசலை ஊற்றிச் சுழற்றுங்கள். நீர்த்தே இருந்தால் நல்ல பால். கஞ்சி போலவோ சளி போலவோ கெட்டியானால் அந்தக் காம்பில் நோய் தொடங்கிவிட்டது. சோப்பு வெள்ளை அணுக்களை உடைப்பதால் அவற்றின் உள்ளிருக்கும் பொருள் வெளியேறிக் கெட்டியாகிறது. கன்று ஈன்ற முதல் சில நாட்களிலும், பால் வற்றும் சமயத்திலும் அணுக்கள் இயல்பாகவே அதிகம் என்பதால் அப்போது இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். சோதித்த பாலைக் கீழே கொட்டிவிடுங்கள்.

மூலிகைகள் செய்யும் வேலை

மஞ்சளில் உள்ள குர்குமின், வெள்ளை அணுக்களுக்குள் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை அடக்குகிறது என்பது ஆய்வகத்தில் வளர்த்த அணுக்களில் நன்கு காட்டப்பட்டுள்ளது. அதிகப்படியான ஆக்சிஜன் பொருட்களைத் தணிக்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட் குணமும் அதற்கு உண்டு. கற்றாழைச் சோறு சூட்டைத் தணித்து, தோலை ஈரமாக வைத்திருக்கிறது.

ஆனால் ஆய்வகத் தட்டில் அணுக்களுக்குக் கிடைக்கும் அளவு குர்குமின், மாட்டின் உடலில் எளிதில் கிடைப்பதில்லை. தீவனத்தில் கலந்து கொடுக்கும் மஞ்சள் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. அதோடு, அழற்சியைத் தணிப்பது வேறு, மடிக்குள் பெருகும் கிருமியைக் கொல்வது வேறு. தொடக்க நிலையில் மாட்டின் சொந்த எதிர்ப்பு சக்தியே கிருமியை வென்றுவிடும், பூச்சு அதற்குத் துணை நிற்கும். கிருமி முந்திவிட்டால் பூச்சு மட்டும் போதாது.

தயாரிக்கும் முறை

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் விவசாயிகளிடம் பரப்பிவரும் முறை இது. ஒரு நாளைக்குத் தேவையானவை:

சோற்றுக்கற்றாழை – 250 கிராம்
மஞ்சள் தூள் – 50 கிராம்
சுண்ணாம்பு – 15 கிராம்

மூன்றையும் சேர்த்துச் சிவந்த விழுதாக அரைக்கவும். மடியை நன்கு கழுவி, பாலை முழுவதும் கறந்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் தடவவும். நாளொன்றுக்கு 10 முறை, 5 நாட்கள் தடவ வேண்டும். கூடவே தினமும் 2 எலுமிச்சையை நறுக்கி, வெல்லத்தில் தொட்டு 3 நாட்கள் தின்னக் கொடுக்கலாம்.

விழுதைத் தினமும் புதிதாக அரையுங்கள். சுண்ணாம்பு சேர்ந்தபின் குர்குமின் விரைவில் சிதைந்துவிடும். கடையில் நிறமேற்றிய தூளைவிட வீட்டில் அரைத்த மஞ்சளே நல்லது. எந்தச் சாற்றையும் காம்புத் துளைக்குள் செலுத்தக் கூடாது, அது புதுக் கிருமிகளை உள்ளே தள்ளிவிடும்.

உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• காய்ச்சல் 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுதல், தீவனம் எடுக்காமை
• பால் தண்ணீராகவோ, துர்நாற்றத்துடனோ, சீழ் கலந்தோ வருதல்
• மடி சில்லிட்டு நீலம் பாரித்தல்
• மாடு எழ முடியாமல் படுத்துவிடுதல்
• பூச்சு தொடங்கி ஒரு நாளாகியும் வீக்கம் குறையாமை

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் "இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்" என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவர் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்தை, வீக்கம் வடிந்ததும் பாதியில் நிறுத்தாதீர்கள். அவர் சொல்லும் நாட்கள் வரை அந்தப் பாலை விற்கவோ வீட்டுக்குப் பயன்படுத்தவோ கூடாது. மருத்துவர் ஒப்புக்கொண்டால் பூச்சையும் உடன் தொடரலாம்.

வராமல் தடுக்க

வெள்ளை அணுக்களின் வலு தீவனத்தில் இருக்கிறது. பசுந்தீவனத்தில் உள்ள வைட்டமின் ஈ அந்த அணுக்களைக் காக்கும் இயற்கையான ஆன்டி ஆக்ஸிடன்ட். காய்ந்த வைக்கோலில் அது மிகக் குறைவு. கன்று ஈனும் தருவாயில் மாட்டின் எதிர்ப்பு சக்தி தாழ்ந்திருக்கும். அந்தச் சில வாரங்களாவது பசுந்தீவனமும் தாது உப்புக் கலவையும் தவறாமல் கொடுங்கள்.

கறந்து முடித்ததும் காம்புத் துளை சிறிது நேரம் திறந்தே இருக்கும். அரை மணி நேரமாவது மாடு படுக்காதபடி அப்போது தீவனம் போடுங்கள். நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சீழ்ப் பாலைத் தொழுவத்தில் பீய்ச்ச வேண்டாம்.

வாரம் ஒருமுறை சோப்புக் கரைசல் சோதனையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கஞ்சி போல் கெட்டியாகும் முதல் நாளிலேயே பூசும் கற்றாழைக்குப் பலன் அதிகம். மடி கல்லான பிறகு பூசினால் அது தோலை மட்டுமே நனைக்கும்.